வாகரையில் ஒரு வேற்றுமை உருபு

“பாதை அக்கரையில நிக்கி, ஐயா. இப்ப வரும். இந்த நிழலுக்குள்ள வாங்க” என்றார், துறையில் மீன்பெட்டியோடு நின்றிருந்த ஒருவர்.

நான் அவரை உற்று நோக்கினேன். பாதையில் நாம் செல்வோம். பாதை நம்மை நோக்கி வருவதுண்டோ? இலக்கணம் கற்பித்தே தலைநரைத்தவன் நான். இது ஆகுபெயரா, உருவகமா என்று எண்ணிக்கொண்டிருக்கையில், மட்டக்களப்பு வாவியின் நடுவே பெருந்தெப்பம் ஒன்று தோன்றியது. இரும்பு மிதவைகளின்மேல் பலகை பரப்பி, மிதிவண்டி, ஆடு, அரிசிமூட்டை, பள்ளிப் பிள்ளைகள் என அனைத்தையும் ஏற்றிக்கொண்டு, அசைந்தசைந்து வந்து கரையை முட்டி நின்றது. அதன் பெயரே பாதை.

“இந்தியாவில பாதை இல்லையா?” என்று மீன்காரர் இரக்கத்தோடு வினவினார்.

“உண்டு. ஆனால் அது அசையாது.”

“அசையாட்டி எப்பிடி அங்கால போற?”

துறையே சிரித்தது. நானும் சிரித்தேன். தமிழ் தெரிந்தவன் என்ற துணிவோடு கடல்கடந்து வந்தவனுக்கு, இறங்கிய முதல் நாளிலேயே கிடைத்த வரவேற்பு அது.

என்னை அழைத்து வந்தவர் மருத்துவர் யோகராணி. என் மகளோடு சென்னையில் ஒருங்கே பயின்றவர். இப்போது இவ்வாவிப் பகுதியில் மனநல மருத்துவர். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் குடியிருப்புகளில் பணிபுரியும், மகப்பேறு பார்க்கும் மருத்துவமாதர்க்கும் நலத்தொண்டர்க்கும் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி ஒன்றை அவர் ஒழுங்கு செய்திருந்தார். பயிற்சிநூல் ஆங்கிலத்தில் இருந்தது. தென்கோளத்து நாடொன்றின் பழங்குடி மக்களுக்காக எழுதப்பட்டது. அதில் செம்மண் பாலையும் வறண்ட குன்றுகளும் வந்தன. வாகரையிலோ கண்டற்காடும் கழியும் கடலும். அந்நூலைத் தமிழாக்குவதே எனக்கு இடப்பட்ட பணி. ஒரு திங்கள் முழுதும் உழைத்து, அயற்சொல் ஒன்றும் புகாமல் ஆக்கி, முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். அம்மொழிபெயர்ப்பைப் பற்றி எனக்கு ஐயமே இருந்ததில்லை. அதன் பெரும்பகுதியைப் பற்றி இன்றும் இல்லை.

அன்று யோகராணி வாவியின் மேற்குக் கரையிலுள்ள நோயாளிகளைப் பார்க்கச் சென்றார், உடன் சென்றேன். கதிரவன் எழும் கீழ்க்கரை எழுவான்கரை. அவன் மறையும் மேற்கரை படுவான்கரை. இத்தகைய பெயர்களைச் சூட்டிய மக்களுக்குக் கலைச்சொல் ஆக்கித்தரச் சோழநாட்டிலிருந்து ஒருவன் வரவேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. படுவான்கரையில் நெல்வயற் பரப்பை ‘வட்டை’ என்கின்றனர். கதிர் முற்றிய வட்டைகளுக்கு நடுவே வண்டி சென்றபோது, எங்கள் காவிரிக் கரையில் தண்ணீருக்காக மேலே பார்த்து நிற்கும் உழவர்களை நினைத்துச் சற்றே பொறாமை கொண்டேன்.

தங்கியது செட்டிபாளையத்தில், யோகராணியின் வீட்டில். கிழக்கே கடலின் முழக்கம். மேற்கே வாவியின் அமைதி. இரண்டுக்கும் இடையே ஒரு கீற்று நிலம். இரவுணவுக்குப் புட்டும் மீன்குழம்பும் கூனிச் சம்பலும் வந்தன. கூனி என்பது மிகச் சிறிய இறால். நான் சைவன் என்றேன்.

“நாங்களும் சைவம்தான், ஐயா” என்றார் யோகராணியின் கணவர். “மீன் தின்னுற சைவம்.”

இந்நாட்டில் அச்சொல் சமயத்தையும் குறிக்கும், உணவையும் குறிக்கும். இரண்டும் என்னிடம் மட்டுமே ஒருங்கிருந்தமையால், எனக்கென்று எருமைத் தயிர் மண்முட்டியோடு வந்தது. முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அதன்மேல் தேன் ஊற்றிப் புட்டோடு உண்டேன். மீனை இழந்த துயரம் எனக்கு இல்லை. எனக்காக அவர்கள்தாம் துயருற்றனர்.

மறுநாள் வடக்கே வாகரைக்குப் புறப்பட்டோம். சித்தாண்டியில் முருகன் கோயிலைக் கடக்கையில் ஓட்டுநர் இரு கைகளையும் கூப்பி வணங்கினார். வண்டியும் பக்கவாட்டில் சற்றே வணங்கி, யோகராணி கூவிய பின்னரே நிமிர்ந்தது. முருகன் காத்தான், ஆனால் வண்டியின் உருளியைக் காக்கவில்லை. ஓட்டமாவடியை அணுகியதும் அது வெடித்தது.

எதிரே ஒரு தேநீர்க்கடை. உரிமையாளர் தொப்பியணிந்த இசுலாமியப் பெரியவர். ஓட்டுநர் அவரைக் ‘காக்கா’ என அழைத்தார். அண்ணன் என்பது பொருள்.

“வாகரைக்குப் போற வேன் எல்லாம் இஞ்ச வந்துதான் காத்துப் போகும்” என்றார் காக்கா. “அல்லாஹ்ட ஏற்பாடு. இல்லாட்டி என்ட ரொட்டிய ஆரு தின்னுற?”

“ஆணி போடுறது அல்லாஹ்வா, நீங்களா காக்கா?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“ஆணி விக்கிற விலைக்கு ரோட்டில போட ஏலுமா, தம்பி?”

பால் சேராத தேநீரை இங்கே ‘பிளேன்டி’ என்பர்; உள்ளங்கையில் சருக்கரையை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு எனக் குடிப்பர். நானும் முயன்றேன். சருக்கரை முழுதும் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. காக்கா மீண்டும் என் உள்ளங்கையில் இட்டார்.

அதற்கப்பால் சாலை மெலிந்தது. காவலரண்கள் இன்னும் அகலவில்லை. ஒன்றில் இளம்படைவீரன் ஒருவன் தலையை உள்ளே நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். யோகராணி விடையிறுத்துவிட்டு எனக்குச் சொன்னார்: “இந்தத் தாத்தாவுக்கு என்ன வருத்தம் எண்டு கேக்கிறான். வருத்தம் இல்ல, வாத்தியார் எண்டன். அப்ப சரி, ரெண்டும் ஒண்டுதான் எண்டுறான்.” வருத்தம் என்றால் இங்கே நோய். வீரன் தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்து தடுப்புத் தடியை உயர்த்தி வழிவிட்டான்.

கடலோரத்தில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நின்றன. கடற்கோளுக்குப் பின் கொடையாளர் கட்டித் தந்தவை. பல பூட்டிக் கிடந்தன. பின்வந்த போர் அவற்றில் குடியிருந்தோரையும் விரட்டியிருந்தது. போர் ஓய்ந்து, மக்கள் திரும்பத் தொடங்கி, ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. இங்குள்ளோர் காலத்தை ஆண்டெண்ணால் கணிப்பதில்லை. ‘சுனாமிக்கு முதல்’, ‘சண்டைக்குப் புறகு’ என்றே கணிக்கின்றனர். கடற்கோள் என்னும் அழகிய சொல்லை நான் இருமுறை சொல்லிப் பார்த்தேன். இருமுறையும் “ஓம், சுனாமி” என்று பணிவோடு திருத்தப்பட்டேன்.

பயிற்சி, ஓடு வேய்ந்த ஒரு மண்டபத்தில் நடந்தது. மருத்துவமாதரும் தொண்டருமாக மண்டபம் நிறைந்திருந்தது. யோகராணி நேரே செய்திக்கு வந்தார். சாவை எண்ணிக்கொண்டிருப்பவரை நாம் அஞ்சாமல் கேட்டுவிட வேண்டும் என்றார்.

குணசீலன் என்ற தொண்டர் எழுந்தார். நடுவயது, உரத்த குரல், எதற்கும் முதலில் கை தூக்குபவர். “டொக்டர், வாயால சொன்னா வந்திரும் எண்டுவாங்க. நாம கேக்கப் போய் அதுகளுக்கு அந்த யோசின வந்தா?”

“வராது. கேட்டா விதைச்ச மாதிரி ஆகாது, குணம். முளைச்சுக் கிடக்கிறதத்தான் நாம பாக்கிறம். கேக்காம விட்டா, அது தனிய வளரும்.”

“அப்பிடிப் பாத்தாலும் இந்த வேடப் பொண்டுகள் வாய் திறக்காதுகள். கல்லோட கதைக்கலாம்.”

முன்வரிசையில் இருந்த மருத்துவமாது நேசமலர் திரும்பிப் பார்த்தார். “உங்களோட கதைக்காதுகள், அண்ணே. நீங்க கதைக்க எங்க விடுறீங்க?”

மண்டபம் சிரித்தது. குணசீலனும் தலையைத் தடவிக்கொண்டு அமர்ந்தார்.

நேசமலரை இவ்வூரார் ‘மிஸி’ என்பர். செவிலியரையும் மருத்துவமாதரையும் அவ்வாறே அழைப்பது இந்நாட்டு வழக்கு. வேடர் குடியிருப்பில் நெடுநாள் பணிபுரிபவர். நான் அனுப்பிய வினாக்களை முன்கூட்டியே பயன்படுத்திப் பார்த்தவரும் அவர் ஒருவரே. அதனை எடுத்துக்காட்டாகச் சொல்லுமாறு யோகராணி வேண்டினார்.

“தவராணி எண்டு ஒரு புள்ள, டொக்டர். தாய் தகப்பன் சுனாமியில போயிட்டாங்க. புறகு இயக்கம் சண்டைக்குப் புடிச்சுக்கொண்டு போச்சு. புனர்வாழ்வு முகாமில இரிந்து விட்ட புறகு, இஞ்ச வந்து மாமியோட இரிக்காள். சாப்பாடு குறைவு. கதை குறைவு. நான் ஐயாட கேள்விய அப்பிடியே வாசிச்சன். ‘தற்கொலை எண்ணம் உமக்கு உண்டா?’ எண்டு. இல்ல எண்டுட்டாள். அதால ஆபத்து இல்லாத ஆக்கள்ட பக்கம் சேத்துட்டன்.”

என் வினா ஒரு குடிலுக்குள் சென்று விடையோடு மீண்டது எனக்கு மனநிறைவளித்தது. வட்டாரச் சொற்களைக் கேட்டறியும் வேட்கை எனக்கு எப்போதும் உண்டு. ஆதலின் வினவினேன்: “அம்மா, அப்பெண் உரைத்த சொற்களை அப்படியே சொல்ல இயலுமா?”

“ஓம், ஐயா. ‘இல்ல மிஸி, நான் அதுல இல்ல’ எண்டாள்.”

அடுத்தவர் பேசத் தொடங்கிவிட்டார். என் செவி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. ‘எண்ணம் உண்டா?’ எனின், ‘இல்லை’ என்பது விடை. ‘அந்த எண்ணம் இல்லை’ என்பதும் விடை. ‘நான் அதில் இல்லை’ என்பது அவ்வினாவுக்கு விடையாகாது. ‘இல்’ ஏழாம் வேற்றுமை உருபு. இடத்தைச் சுட்டுவது. ஒருவர் ஓர் எண்ணத்தில் இல்லை என்று கூறார். ஓர் இடத்தில் இல்லை, ஓர் அணியில் இல்லை, ஒரு கூட்டத்தில் இல்லை என்பார்.

கையுயர்த்தினேன். வகுப்பறையில் நான் கையுயர்த்தி வெகுகாலம் ஆயிற்று. “பொறுத்தருள்க. ‘அதுல’ என்றால் எதில்?”

நேசமலர் தம் தாளைப் புரட்டித் தேடினார். பின்னர் குணசீலன் இருக்கையில் இருந்தபடியே, முதன்முறையாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “தற்கொலை எண்டா... ஐயா, எங்கட காதுக்கு அது குண்டு கட்டிக்கொண்டு போறவங்கட பேரு. ரேடியோவில அப்பிடித்தான் சொல்லுவான். ஆமிக்காரன்ட சென்றியிலயும் அப்பிடித்தான் கேட்டான். அந்தப் புள்ள, தான் அந்தப் படையில இரிக்கல்ல எண்டு சொல்லியிரிக்காள்.”

தற்கொலை: தன் கொலை. புணர்ச்சி விதி பிழையாத தூய தமிழ்ச் சொல். அதைப் போர் எடுத்துக்கொண்டு போய்விட்டது, நான் அறிந்திலேன். எங்கள் நாட்டில் ஓர் ஏழை உழவனின் துயரத்தைச் சுட்டும் சொல், இங்கே விசாரணை அறையின் சொல்லாகியிருந்தது.

யோகராணி மேசையை விட்டு முன்னே வந்தார். “மிஸி, வேற என்ன சொன்னாள்?”

“‘கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிட்டன், கையெழுத்தும் வெச்சிட்டன்’ எண்டாள். நான் அத விளங்கிக்கொள்ளல்ல.” நேசமலரின் குரல் இறங்கியது. “போன கிழமை ரெண்டு ஆட்டையும் மச்சாள்ட்ட குடுத்திட்டாள். ‘நீயே வெச்சுக்க’ எண்டு. நல்ல மனசு எண்டு நினைச்சன்.”

“அப்ப அவள்ட்ட இன்னும் ஒருத்தரும் கேக்கல்ல” என்றார் யோகராணி. “வாங்க, போவம். ஐயா, நீங்களும் வாங்க. குணம், மற்ற ஆக்கள பாத்துக்கொள்ளுங்க.”

எங்கள் வண்டி உருளி ஒட்டப் போயிருந்தது. ஆகையால் இரு சக்கர உழவுப்பொறியின் பின்னே பூட்டிய பெட்டியில் ஏறினோம். ‘லான்ட்மாஸ்டர்’ என்பது இங்குள்ளோர் அதற்கிட்ட பெயர். அதன் கைப்பிடி ஒரு முழ நீளம். அதன் ஓசையோ ஊர் முழுதும். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் ஒரு சாண் எழுந்து வேறிடத்தில் அமர்ந்தேன். வழியில் நேசமலர் தாமே தம்மை நொந்துகொண்டார்.

“எழுதி வந்தத வாசிச்சீங்க. இது பிழை பாக்கிற நேரம் இல்ல, மிஸி” என்றார் யோகராணி. “இப்ப என்னெண்டு கேக்கப் போறீங்க எண்டு யோசிங்க.”

நான் ஒரு சொல்லை முன்மொழிந்தேன்: உயிர்மாய்ப்பு. நேசமலர் மரியாதையோடு கேட்டார். பிறகு சொன்னார்: “வேணாம், ஐயா. செத்துப் போகோணும் போல இரிக்கா எண்டு கேக்கிறன். அதுக்கு வேற அர்த்தம் இல்ல.”

மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. நான்கு சொல்லும் தமிழ், நான்கும் தூயவை.

குடியிருப்பு, கழியோரம் கண்டற்காடு முடியும் இடத்தில் இருந்தது. பாலைமரத்தின் கீழ் ஒரு பெண்மணி சுளகில் இறாலைக் குவித்து ஓடு உரித்துக்கொண்டிருந்தார். அவரே தவராணியின் மாமி, கனகம்மை. பொறியின் ஓசை கேட்டு எழுந்தார்.

“என்ன மிஸி, டொக்டரையும் கூட்டிக்கொண்டு? ஆருக்கு வயித்துல?”

“ஒருத்தருக்கும் இல்ல, மாமி. தவம் எங்க?”

“விறகுக்குப் போனவள். விடிய வெள்ளெனப் போனவள்” என்று மாமி காட்டுப்பக்கம் திரும்பினார். யோகராணியும் அவ்வழியே பார்த்தார். நாங்கள் யாரும் அமரவில்லை. மாமி எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். அவர் கையிலிருந்த இறால் அப்படியே நின்றது.

காட்டின் நிழலிலிருந்து முதலில் விறகுக்கட்டுதான் வெளிப்பட்டது. பின்னர் அதன் கீழே அவள். மெலிந்த பெண்; இருபதைக் கடந்திருப்பாள். எங்களைக் கண்டதும் கட்டைத் தரையில் இட்டாள். மிக நேராக நின்றாள். கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள்.

“முகாமில தந்த கார்ட் உள்ளுக்க இரிக்கி, சேர். எடுக்கட்டா?” என்று என்னை நோக்கிக் கேட்டாள்.

வெண்வேட்டியும் மூக்குக்கண்ணாடியும் அணிந்த கிழவனை ஒருத்தி இவ்வாறு அஞ்சி நின்றதை என் வாழ்நாளில் அன்றே கண்டேன். “வேண்டா, அம்மா. நான் தமிழாசிரியன். இந்தியாவிலிருந்து வந்தவன்” என்றேன்.

அவள் நம்பவில்லை. மாமிதான் காத்தார். “பேச்சப் பாரு புள்ள. இப்பிடிக் கதைக்கிற சீஐடி எங்கயும் இல்ல” என்றார்.

அவளது உதட்டோரம் சற்றே அசைந்தது.

நேசமலர் கையிலிருந்த தாள்களை யோகராணியிடம் கொடுத்துவிட்டுச் சுளகருகே மணலில் அமர்ந்தார். “வா, தவம். இவ்வளவும் மாமி தனியவா உரிக்கிற?” என்று தம் பக்கத்து மணலைத் தட்டினார். எதிரே அன்று, பக்கத்தில். இக்குடியினர் பாரமான செய்தியை முகத்துக்கு முகம் பார்த்துப் பேசார் என்பதும், கை ஒரு வேலையில் இருக்கவேண்டும், கண் அவ்வேலையில் இருக்கவேண்டும் என்பதும் அவர் நெடுநாட் பழக்கத்தில் அறிந்தவை. யோகராணி மாமியோடு சற்றுத் தள்ளி அமர்ந்தார். நான் விலகிச் செல்ல முற்பட்டேன்.

“அந்த ஐயா இரிக்கட்டும்” என்றாள் தவராணி, என்னைப் பாராமலே. “இந்த ஊர் இல்லத்தானே. போயிருவார்.”

ஆகவே இருந்தேன். பெயரை மாற்றி எழுதுங்கள் என்று பின்னர் அவளே சொன்னாள், மாற்றியே எழுதியுள்ளேன்.

தவராணி நேசமலரின் பக்கத்தில் அமர்ந்து ஓர் இறாலை எடுத்தாள்.

“மிஸி தலையோட சதையையும் பிச்சு எறியிறா” என்றாள் தவராணி.

“அப்ப நீ காட்டித் தா.”

காட்டினாள். இரண்டு, மூன்று இறால். அப்போது நேசமலர், கையை நிறுத்தாமல், குரலை மாற்றாமல், கேட்டார்.

“தவம், அண்டைக்கு நான் கேட்டது பிழையான கேள்வி. இயக்கத்தப் பத்தி இல்ல நான் கேக்க வந்தது. உனக்குச் செத்துப் போகோணும் போல இரிக்கா?”

மாமியின் கை வாய்க்குப் போயிற்று. யோகராணி அவரது தோளைத் தொட்டார். தவராணி ஓர் இறாலை முழுதும் உரித்து முடித்தாள். அதை அருகிருந்த சட்டியில் இட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

“ஓம், மிஸி” என்றாள். “கன நாளா.”

நேசமலர் துள்ளவில்லை, அறிவுரை கூறவில்லை, அழவும் இல்லை. “சொன்னது நல்லம்” என்றார். “சொல்லு.”

அவள் சொன்னாள். அவை அவளுக்குரியவை, இங்கே எழுதேன். சுளகு வெறுமையாகும்வரை சொன்னாள். பிறகு வெறுஞ்சுளகின்மீது கையை வைத்துக்கொண்டும் சொன்னாள். கூட்டத்தில் ஒருவராய் வளர்ந்து, எல்லாரையும் இழந்து, மீண்டு வந்த ஊரில் ‘இயக்கத்துக்குப் போனவள்’ என்ற பெயரோடு வாழ்வதில் தொடங்கி, அது நெடிது சென்றது.

அதன்பின் யோகராணி அருகே வந்து அமர்ந்தார். செய்யவேண்டுவனவற்றை ஒவ்வொன்றாகச் செய்தார். பயிற்சிநூலில் நான் இரண்டு பக்கம் மொழிபெயர்த்திருந்தவை, அவர் வாயில் எளிய வினாக்களாக வந்தன. எப்படி என்று யோசித்தாயா? அதற்கானது வீட்டில் இருக்கிறதா? மாமி சென்று அதனை எடுத்து, மடியில் மறைத்து, அயல்வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பினார்.

“இண்டைக்கு ராவைக்கு ஆரோட படுக்கப் போறாய்?”

“மாமியோட.”

“உதைப்பாள், டொக்டர்” என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “சின்னதில இரிந்தே உதைப்பாள்.”

“உதைக்கட்டும்.”

மாமிக்கு ஒரு குறை இருந்தது. மாண்டவர் பெயர் சொல்லி முன்னோரை அழைக்கும் சடங்கு, கடற்கோளுக்குப் பின் இக்குடியில் நடைபெறவில்லை, ஆள் சேரவில்லை, அதனால்தான் பிள்ளையின் மனம் இப்படி ஆயிற்று என்றார். மருந்துக்காரர் இதைக் கேட்டு நகைப்பாரோ என்பதுபோல் யோகராணியின் முகத்தைப் பார்த்தார். எங்கள் ஊரில் நான் கண்ட மருத்துவர் சிலர் நகைத்திருப்பர்.

“சடங்கையும் வைங்க, மாமி. எல்லாரையும் கூப்பிடுங்க. ஆக்கள் சேர்றதும் மருந்துதான்” என்றார் யோகராணி. “கிளினிக்குக்கும் இவள் வரட்டும். ஒண்டு செஞ்சா மற்றது வேணாம் எண்டு இல்ல. தவம், நாளைக்கு மண்டபத்துக்கு வருவியா? உள்ளறையில இரிந்து கதைப்பம்.”

“பாப்பம்” என்றாள்.

இம்மண்ணில் ‘பாப்பம்’ என்பது உடன்பாடா எதிர்மறையா என்று திரும்பும் வழியெல்லாம் நான் வினவினேன். லான்ட்மாஸ்டர் ஓசையில் யாருக்கும் கேட்கவில்லை. அல்லது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாட் காலை பயிற்சி மீண்டும் தொடங்கியது. என் வினாவை நானே நூலிலிருந்து நீக்கினேன். அதன் இடத்தில் நேசமலரின் தொடரை எழுதினேன். ‘தற்கொலை’ என்னும் அச்சொல்லை நூலின் தலைப்பில் விட்டுவைத்தேன். தலைப்பை யாரும் ஒரு நோயுற்ற மனத்திடம் வாசித்துக் காட்டப்போவதில்லை. மேசைகளை அகற்றி, பாய் விரித்து, பக்கத்திற் பக்கமாக அமர்ந்து பழகச் செய்தார் யோகராணி. ஆனால் அவர் கண் வாயிலிலேயே இருந்தது. என் கண்ணும் அவ்வாறே. தேநீர் வந்தது, போயிற்று. நேசமலர் இருமுறை வெளியே சென்று சாலையைப் பார்த்துத் திரும்பினார்.

மூன்றாம் முறை அவர் வெளியே செல்லத் தேவையிருக்கவில்லை. பொறியின் ஓசை வாயிலில் வந்து நின்றது. கனகம்மை முதலில் இறங்கினார், பின்னர் தவராணி. தலை வாரியிருந்தாள். யோகராணி அவளை உள்ளறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார். மாமி பாயில் அமர்ந்தார். “ராத்திரி உதைச்சவளா?” என்று நேசமலர் மெல்லக் கேட்டார். “விடிய விடிய” என்றார் மாமி, பெருமையோடு.

வகுப்பில் குணசீலனின் முறை வந்தது. உரத்த குரல்காரர்க்கு அத்தொடர் மட்டும் நாவில் ஏறவில்லை. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, “உங்களுக்கு... செத்து...” என்று தொடங்கி நிறுத்தினார். “பாட்டாப் படிக்கச் சொன்னா வரும், பேச்சா வருகுதில்ல” என்றார். சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. மீண்டும் தொடங்கினார், மீண்டும் இடறினார்.

உள்ளறைக் கதவு திறந்திருந்ததை அப்போதுதான் கண்டோம். தவராணி அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற யோகராணி கையை நீட்ட முற்பட்டு, நீட்டாமல் விட்டார்.

“அண்ணே” என்றாள் அவள். “நிண்டுகொண்டு கேக்காதீங்க. அது விசாரணை மாதிரி இரிக்கி.”

குணசீலன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவள் நடந்து வந்து பாயின் ஓரத்தில் அமர்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டாள். “இஞ்ச வந்து இரிங்க. என்ட முகத்தப் பாக்க வேணாம். அங்கால பாருங்க. இப்ப கேளுங்க.”

அந்தப் பெரிய உடம்பு மெல்ல இறங்கிப் பாயில் அமர்ந்தது. அவர் சாளரத்தின் வழியே கடலைப் பார்த்தார். அவளும் அதனையே பார்த்தாள். இம்முறை குரல் உரக்கவும் இல்லை, இடறவும் இல்லை.

“தங்கச்சி, உங்களுக்குச் செத்துப் போகோணும் போல இரிக்கா?”

அவள் எண்ணிப் பார்த்தே கூறினாள்.

“நேத்து இரிந்திச்சு” என்றாள். “இண்டைக்குக் கொஞ்சம் குறைவு.”